பருத்தியோடு நார் கலந்து கையால் நூற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமங்கலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தக்களியும் (கையால் சுழற்றி நூற்கிற சின்னக் கதிர்) ராட்டையும் பழகச் சிலர் வருகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், தையல் தெரிந்த பெண்கள் எனப் பல வகை. எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எடுத்ததுமே வாழை நாரும் இலவம் பஞ்சும் கலந்து நூற்கலாமா?

வேண்டாம். முதல் இரண்டு மாதம் பருத்தியை மட்டும் நூற்றுப் பழகுங்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் இந்தப் பக்கத்தில் பாதி புரிந்த மாதிரி.

காய்க்குள் இருக்கும்போது பருத்தி இழை ஒரு மெல்லிய குழாய், உள்ளே சாறு இருக்கும். காய் வெடித்து வெயில் பட்டதும் சாறு வற்றி, குழாய் தட்டையாகி, ரிப்பன் மாதிரி தானாகவே முறுக்கிக்கொள்ளும். அந்தச் சின்னச் சின்ன முறுக்குகள்தான் ஓர் இழையை இன்னோர் இழையோடு பிடித்து வைக்கின்றன. நாம் தக்களியைச் சுற்றிக் கொடுப்பது அதற்கு மேல் இன்னொரு முறுக்கு, அவ்வளவுதான். இந்தப் பிடிப்பு இலவத்துக்கு இல்லை, எருக்குக்கு இல்லை, வாழை நாருக்கும் இல்லை. அவையெல்லாம் பருத்தியின் தோளில் ஏறித்தான் நூலாக வர முடியும். தாங்குகிற தோளைப் பழகாமல் சுமையை ஏற்றினால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், உங்களுக்கும் மனசு விட்டுப்போகும்.

எந்தப் பருத்தி நல்லது?

நம் பக்கத்துக் கரிசல் மண்ணுக்குச் சொந்தமானது கருங்கண்ணி. திருமங்கலம், கல்லுப்பட்டி, பேரையூரில் தொடங்கி விருதுநகர், கோவில்பட்டி வரை மழையை மட்டும் நம்பி விளைந்த நாட்டுப் பருத்தி. ஐப்பசி மழைக்கு விதைத்தால் மாசி, பங்குனியில் எடுப்பு தொடங்கும். இழை குட்டை, ஓர் அங்குலத்துக்கும் குறைவு. தொட்டால் கொஞ்சம் முரடாகவும் இருக்கும். அதனாலேயே மில்கள் இதை ஒதுக்கிவிட்டு நீள இழை ரகங்களுக்குப் போய்விட்டன.

எம்.சி.யூ. 5, சுவின் மாதிரி நீள இழைப் பருத்தியில் மெல்லிய நூல் சுலபமாக வரும், மறுக்கவில்லை. ஆனாலும் கற்றுக்கொள்பவர்களுக்கு நான் கருங்கண்ணியைத்தான் கொடுக்கிறேன். குட்டை இழையை நூற்கும்போது இரண்டு கையும் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், முறுக்கு எங்கே ஓடுகிறது என்பதை விரல் தானாகவே தெரிந்துகொள்ளும். கருங்கண்ணியில் கை தேறியவர் எந்தப் பஞ்சையும் நூற்பார்.

மெத்தைக் கடைப் பஞ்சை வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் தீ வைத்துப் பார்த்துவிட்டு. ஒரு கடையில் "சுத்தப் பருத்தி" என்று சொன்னதை நம்பி 5 கிலோ வாங்கி வந்தேன். அடிக்கும்போதே சரசரவென்று கம்பியில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு துளி எடுத்துக் கொளுத்தினால் உருகி, கறுப்பு மணியாக இறுகிவிட்டது. பாதிக்கு மேல் பாலியஸ்டர்.

பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கிற சாம்பலாகும். கம்பளியும் பட்டும் முடி கருகும் நாற்றம் தரும், கரியை விரலால் நசுக்கினால் பொடியும். செயற்கை இழை உருகும், ஆறினால் நசுக்க முடியாது. இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கொட்டையை எப்படி எடுப்பது?

பருத்தியை ஒரு மணி நேரம் வெயிலில் காய வையுங்கள். வழுவழுப்பான பலகையில் கொஞ்சம் வைத்து, விரல் கனமுள்ள இரும்புக் கம்பியை மேலே அழுத்தி உருட்டினால் கொட்டை முன்னால் துள்ளி விழும், பஞ்சு பின்னால் தங்கும். மூன்று கிலோ பருத்தியில் ஒரு கிலோ பஞ்சு கிடைக்கும்.

மிச்சக் கொட்டை மாட்டுக்கு. மதுரைக்காரர்கள் உடனே பருத்திப்பால் என்பார்கள். விளைவித்தவர் உங்களுக்குத் தெரிந்தவர், மருந்து அடிக்காதவர் என்றால் மட்டும் வையுங்கள். விதைப்புக்கென்று மருந்து தடவிய கொட்டையைப் பாலுக்கும் போடக்கூடாது, மாட்டுக்கும் போடக்கூடாது.

பஞ்சு அடிக்க வில் இல்லை. வேறு வழி உண்டா?

நாய்க்கு முடி வாருகிற கம்பிச் சீப்பு இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றில் பஞ்சைப் பரப்பி, மற்றதால் மெதுவாக வாரி எடுக்க வேண்டும். கம்பியும் கம்பியும் உரசும் சத்தம் கேட்டால் நீங்கள் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். நாலைந்து முறை வாரியதும் பஞ்சு மேகம் மாதிரி வரும். அதை ஒரு குச்சியில் சுற்றி, உள்ளங்கையால் உருட்டி, குச்சியை உருவிவிட்டால் விரல் கனத்தில் ஒரு திரி கிடைக்கும். திரி தளர்வாக இருக்கட்டும். விளக்குத்திரி மாதிரி இறுக்கி உருட்டினால் பஞ்சு இழுபடாது.

சரி, எதற்காகக் கலக்க வேண்டும்? பருத்தியே போதாதா?

பெரும்பாலான துணிக்குப் போதும். கலப்பதென்றால் இந்த நார் இந்த நூலுக்கு எதைக் கொடுக்கப்போகிறது என்று ஒரு பதில் உங்களிடம் இருக்க வேண்டும். இலவம் எடையைக் குறைக்கும், காற்றை உள்ளே வைத்துக் கதகதப்புத் தரும். வாழை நார் மினுமினுப்பும் விறைப்பும் தரும். பட்டு பளபளப்பும் வழுவழுப்பும். கம்பளி நூலுக்கு ஒரு துள்ளல் கொடுக்கும், இழுத்துவிட்டால் திரும்பிவரும். "வித்தியாசமாக இருக்குமே" என்பதற்காக மட்டும் ஐந்தாறு நாரை ஒன்றாகப் போட்டுக் கொண்டுவருபவர்களைப் பார்க்கிறேன். அந்த நூலில் எந்த நாரின் குணமும் மிஞ்சியிருப்பதில்லை.

எந்த விகிதம்? எப்படி அளப்பது?

எடையால் மட்டும் அளக்க வேண்டும். சமையலறையில் வைக்கிற சின்ன எலக்ட்ரானிக் தராசு போதும். கண்ணால் பார்த்துப் பாதிப்பாதி என்று போட்டால் ஏமாந்துபோவீர்கள். 10 கிராம் இலவம் ஒரு கூடையை அடைத்துக்கொள்ளும், 10 கிராம் வாழை நார் உள்ளங்கையில் அடங்கும்.

பருத்தி 80, மற்றது 20. இதில் தொடங்குங்கள். கை பழகியதும் 70க்கு 30 வரை போகலாம். மற்ற நாரைப் பருத்தி இழையின் நீளத்துக்கு அருகில் வெட்டிக்கொள்வது ரொம்ப முக்கியம். நீளம் ஒத்துப்போகாவிட்டால் சீப்பில் வாரும்போது நீள நார் தனியாகச் சுருண்டு நிற்கும், நூலில் அந்த இடம் தடித்து, அடுத்த இடம் இளைத்து அறும்.

கலக்கும் விதம் இதுதான்: ஒரு செய்தித்தாளில் பருத்தியை மெல்லிசாகப் பரப்பி, மேலே நாரைத் தூவி, மறுபடி பருத்தி, மறுபடி நார் என்று அடுக்குங்கள். பிறகு அடுக்கை மேலிருந்து கீழ்வரை குறுக்காகப் பிய்த்து எடுத்துச் சீப்பில் வாருங்கள். ஒருமுறை வாரியதை மறுபடி அடுக்கி மறுபடி வாருங்கள். மூன்று சுற்று முடிந்தால் எங்கே பிய்த்தாலும் ஒரே நிறமாகத் தெரியும். பொறுமையைக் கேட்கிற வேலை இது ஒன்றுதான். இங்கே அவசரப்பட்டால் நூற்கும்போது ஒவ்வொரு முழத்துக்கும் அதன் பலனை அனுபவிப்பீர்கள்.

இலவம் பஞ்சு போடியில் நிறையக் கிடைக்கிறது. அதைத் தனியாக நூற்க முடியுமா?

முடியாது. இலவு காத்த கிளி என்கிறோமே, அந்தக் கிளி ஏமாந்த அதே பஞ்சுதான் நூற்பவரையும் ஏமாற்றும். பார்க்கப் பட்டு மாதிரி, தொட்டால் ஒன்றுமே இல்லாத மாதிரி. ஆனால் இழை நேரான குழாய், உள்ளே பெரும்பகுதி காற்று, மேலே மெழுகுப் பூச்சு. பருத்திக்கு இருக்கிற முறுக்கு இதற்குக் கிடையாது. வழுக்கும், வளைத்தால் ஒடியும். அந்தக் காற்றும் மெழுகும் இருப்பதால்தான் தண்ணீரில் மிதக்கிறது, அந்தக் காலத்தில் உயிர்காப்பு மிதவைகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள்.

நான் முதலில் பாதிக்குப் பாதி கலந்தேன். நூற்கும்போது எப்படியோ வந்துவிட்டது. சிட்டம் போட்டு, அதாவது நூலை வளையமாகச் சுற்றிக் கட்டி அலசினேன், தண்ணீர் முழுக்க வெள்ளைப் பொடி. காய்ந்த நூல் இளைத்து, கைபட்டாலே அறுந்தது. அதற்குப் பிறகு 25க்கு மேல் போனதில்லை. 20 என்றால் நூல் நம்பிக்கையாக இருக்கும். குளிர்காலத் துண்டுக்கும் குழந்தைப் போர்வைக்கும் இதைவிட இதமான கைநூலை நான் தொட்டதில்லை.

பங்குனி, சித்திரையில் காய் வெடிக்கும். காயோடு வாங்கி ஒரு சாக்கில் போட்டுக் குச்சியால் கிளறினால் விதை கீழே இறங்கிவிடும். கதவைச் சாத்துங்கள், ஃபேனை அணையுங்கள், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். விளக்கு, அடுப்பு, ஊதுபத்தி எதுவும் அந்த அறையில் இருக்கக்கூடாது. இலவம் பற்றினால் கண்மூடித் திறப்பதற்குள் பரவும்.

வாழை நார் பூக்கட்டத்தானே? அதில் நூல் வருமா?

வரும். மதுரை மல்லியைத் தொடுக்கிற நார் நம் எல்லோருக்கும் தெரிந்தது, ஆனால் அது மட்டையைக் கிழித்து எடுத்த பட்டை. நூலுக்கு வேண்டியது அதற்குள் இருக்கிற மெல்லிய இழை. சோழவந்தான் பக்கமும் தேனி, கம்பம் பக்கமும் தார் வெட்டிய பிறகு மரம் தோட்டத்திலேயே கிடக்கும், கேட்டால் தருவார்கள். மட்டையைப் பலகையில் விரித்து, மொட்டைக் கத்தியால் சுரண்டினால் சதை போய் நார் மிஞ்சும். அன்றே அலசி நிழலில் காய வைக்க வேண்டும், சாறு தங்கிவிட்டால் பழுப்பேறும். துணியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாழைக் கறை போகவே போகாது. கையால் சுரண்டினால் ஒரு மரத்துக்குக் காய்ந்த நார் 100 கிராமை ஒட்டித்தான் எனக்கு வந்திருக்கிறது.

இந்த நார் விறைப்பு. அப்படியே பருத்தியில் போட்டால் நூலிலிருந்து முள் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். லிட்டருக்கு ஒரு ஸ்பூன் சலவைச் சோடா போட்டு முக்கால் மணி நேரம் வேகவைத்து, நன்றாக அலசி, பாதி ஈரத்தில் மரக்கட்டையால் தட்டுங்கள். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து நாரைக் கசக்கினால் இளகும். காய்ந்ததும் இரண்டரை சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, விரலால் பிரித்து, நூற்றுக்கு 15 அல்லது 20 கலக்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு. வெட்டாமல், நீள நாரை முனையோடு முனை சேர்த்து முறுக்கியோ முடிந்தோ ஒரே இழையாக்கி ஊடையில், அதாவது துணியின் குறுக்கு இழையாகப் போடுவது. சென்னையை ஒட்டிய அனகாபுத்தூர் நெசவாளர்கள் வாழை நாரை நெசவில் சேர்த்துப் பெயர் வாங்கியவர்கள். நாரின் மினுமினுப்பு முழுசாக வேண்டும் என்றால் வெட்டாத வழிதான் சரி என்பது என் கருத்து. துண்டு துண்டாக வெட்டிக் கலக்கும்போது அதில் பாதி போய்விடுகிறது.

எங்கள் ஊர் ஆட்டு முடியைக் கலக்கலாமா?

மதுரைப் பக்கத்து ஆடுகள் முடி ஆடுகள். வாடிப்பட்டி வட்டாரத்துக் கச்சைகட்டிக் கருப்பு, ராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர் எல்லாமே அப்படித்தான். அந்த முடி குட்டை, நேர், முரடு. நூலில் நிற்காது. திருச்சிக் கருப்பு ஆட்டின் முரட்டு முடி கம்பளிக்கு ஆகும். உடம்பில் படுகிற துணிக்கு வேண்டுமென்றால் நீலகிரி ஆட்டின் மென்மயிர் தேட வேண்டும். அது கிடைத்தால் வெதுவெதுப்பான தண்ணீரில், பூந்திக்கொட்டைக் கரைசலில், கசக்காமல் அலசுங்கள். சூடும் கசக்கலும் சேர்ந்தால் மயிர் ஒன்றோடொன்று பின்னித் தகடாகிவிடும்.

பட்டு?

நெய்கிறவர்களிடம் மிஞ்சும் கழிவுப் பட்டு போதும். சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்துப் பசை நீக்கி, வெட்டி, 15 முதல் 25 வரை கலக்கலாம். கலவைகளில் ரொம்ப ஒத்துழைக்கிறது இதுதான்.

எருக்கம் பஞ்சு, தென்னை நார், கற்றாழை நார்?

எருக்கு கிட்டத்தட்ட இலவம் மாதிரி, 20க்கு மேல் வேண்டாம். முற்றி வெடித்த காயை மட்டும் பறியுங்கள், பால் கண்ணில் பட்டால் ஆபத்து. தென்னையும் கற்றாழையும் கயிற்றுக்கு.

நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. என் கையில் கோளாறா?

முதலில் வானிலையைப் பாருங்கள். பருத்திக்கு ஈரப்பதம் வேண்டும். மதுரைச் சித்திரை வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் யார் கையிலும் அறும், பஞ்சு விரலில் ஒட்டிப் பறக்கும். விடியற்காலையில் நூற்றுப் பாருங்கள். முடியாவிட்டால் பக்கத்தில் ஈரத்துணியைக் கொடியில் போடுங்கள், திரியை ஈரத்துணி விரித்த டப்பாவில் இரவு முழுக்க மூடி வையுங்கள். மில்களிலும் இதற்காகத்தான் அறைக்குள் ஈரத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

அப்புறம் அறுந்த முனையைப் பாருங்கள். பிரிந்து, பஞ்சாகக் கழன்று வந்திருந்தால் முறுக்கு போதவில்லை. சட்டென்று ஒடிந்த மாதிரி, முனை சுருண்டிருந்தால் முறுக்கு அதிகம். திரியே வராமல் கட்டியாக நிற்கிறது என்றால் அடித்தது போதாது, சீப்புக்குத் திரும்புங்கள்.

கலவை நூலுக்குப் பருத்தி நூலைவிடக் கொஞ்சம் கூடுதல் முறுக்கு வேண்டும். அளவு தெரிய ஒரு முழ நூலை மடித்துத் தளரவிடுங்கள். தன்னால் ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு நின்றால் சரி.

இரட்டைப்புரியாக முறுக்க வேண்டுமா?

இலவம் கலந்ததற்கு அவசியம் முறுக்குங்கள். நூற்ற திசைக்கு எதிர்த்திசையில் இரண்டு இழையைச் சேர்த்தால் ஒன்றின் பலவீனத்தை மற்றது தாங்கும், வெளியே நீட்டிய இழைகளும் அடங்கும். முப்புரி நூல் என்று நாம் சொல்வதிலும் இதே வேலைதான், இழை மட்டும் மூன்று.

நூல் எத்தனாம் நம்பர் என்று எப்படித் தெரியும்?

நம்பர் என்றால் நூல் எவ்வளவு மெல்லிசு என்ற கணக்கு. 10 கிராம் எடுத்து நீளத்தை அளந்து பாருங்கள். 200 மீட்டர் வந்தால் மெட்ரிக் கணக்கில் 20. அதாவது ஒரு கிலோவில் 1000 மீட்டர் சிட்டம் இருபது. மில் நூலுக்குச் சொல்கிற பழைய கணக்கு வேறு: ஒரு பவுண்டில் 840 கஜச் சிட்டம் எத்தனை என்பது. மெட்ரிக் 20 அந்தக் கணக்கில் 12க்குப் பக்கம் வரும். நெசவாளரிடம் பேசும்போது எந்தக் கணக்கு என்று சொல்லிவிடுங்கள்.

நூற்ற நூலை வேகவைக்க வேண்டுமா?

ஆமாம். பச்சைப் பருத்தியில் மெழுகு இருக்கும், தண்ணீரை உறிஞ்சாது, சாயமும் பிடிக்காது. சிட்டத்தை நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, லிட்டருக்கு இரண்டு ஸ்பூன் சலவைச் சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும், பயப்பட வேண்டாம். முறுக்கும் இதில் நிலைத்துவிடும். இலவம் கலந்ததற்குச் சோடா பாதி போதும். பட்டோ கம்பளியோ கலந்திருந்தால் சோடா கூடவே கூடாது, அது அந்த இழைகளைத் தின்றுவிடும். பூந்திக்கொட்டைதான்.

தறியில் போட முடியுமா? ஒரு துண்டுக்கு எவ்வளவு நூல் வேண்டும்?

முதல் முயற்சியில் பாவுக்கு (தறியில் நெடுக்காகக் கட்டும் இழை) மில் நூல், ஊடைக்கு உங்கள் நூல். பாவு இழை தறியில் இழுபட்டு உரசிக்கொண்டே இருக்கும், கஞ்சி போட்டாலும் புதுக்கை நூல் தாங்காது. செல்லூரில் கைத்தறி வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்தபோது என் நூலை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, "ஊடைக்குக் குடும்மா, பாவுக்கு ரெண்டு வருசம் போகட்டும்" என்றார். அவர் சொன்னது சரி.

200 கிராம் துண்டில் ஊடை பாதி என்று வைத்துக்கொண்டால் 100 கிராம். மெட்ரிக் 20இல் அது 2000 மீட்டர். தக்களியில் எனக்கு மணிக்கு 80 மீட்டர் வரும், ஆக 25 மணி நேரம். பெட்டி ராட்டையில் ஏழெட்டு மணி நேரம். 1924இல் காந்தி தலைமை தாங்கிய பெல்காம் காங்கிரஸில், உறுப்பினராக இருக்க மாதம் 2000 கஜம் நூல் தர வேண்டும் என்று விதி வந்தது. அடுத்த வருடமே அந்தக் கட்டாயம் போய்விட்டது. மாதம் ஒரு துண்டுக்கான ஊடை, அவ்வளவுதான் கேட்டார்கள். தினமும் முக்கால் மணி நேரம் தக்களியோடு உட்கார்ந்து பார்த்தவருக்கு அது எவ்வளவு என்று தெரியும்.

அம்பர் ராட்டையில் கலவை நூற்கலாமா?

வீட்டில் அடித்த கலவைக்கு அது ஒத்துவராது. சீராகத் தயாரித்த திரி அதற்கு வேண்டும். நம்மூர்ப் பெருமைக்காகச் சொல்கிறேன், பல கதிர்கள் ஒன்றாகச் சுழலும் அந்த ராட்டையை உருவாக்கியவர் தமிழ்நாட்டுக்காரரான ஏகாம்பரநாதன். 'அம்பர்' என்பது அவர் பெயரிலிருந்து வந்தது.

மதுரையில் போய்ப் பார்க்க இடம் உண்டா?

தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் உள்ள காந்தி அருங்காட்சியகம், 1959இல் திறந்தது. மேலமாசி வீதியில் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி முழு உடையைத் துறந்து நான்கு முழத் துண்டுக்கு மாறிய வீடு. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமம். கொஞ்சம் தள்ளி, சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமம்.

பரணில் பாட்டியின் தக்களி கிடந்தது. துருப்பிடித்திருக்கிறது. தேறுமா?

தேறும். மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறவைத்து, உமிச்சாம்பலால் தேய்த்து, துளி எண்ணெய் தடவித் துடையுங்கள். சமமான தரையில் உருட்டிப் பாருங்கள், கம்பி வளைந்திருந்தால் தடுமாறும், மரச்சுத்தியால் மெல்லத் தட்டி நிமிர்த்தலாம். நுனிக் கொக்கியில் பிசிறு இருந்தால் உப்புத்தாள் போடுங்கள். தேங்காய்ச் சிரட்டையில் நிறுத்திச் சுற்றினால் நின்று சுழலும்.

பாட்டி இருக்கிறார் என்றால் அவர் கையிலேயே முதலில் கொடுங்கள். அவர் காலத்துப் பள்ளிகளில் தக்களி வகுப்பு இருந்தது. எங்கள் திண்ணைக்கு வந்த ஒரு எண்பது வயதுப் பாட்டி, "எல்லாம் மறந்துபோச்சு" என்று சொல்லிக்கொண்டே வாங்கியவர், மூன்றாவது சுற்றில் ஒரு முழம் நூலை இழுத்து நிறுத்தினார். அன்று அவரோடு வந்த பேத்திக்கு நான் எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.